ஆகாயத்திலிருந்து வந்தவர்கள்
(கீரனூரில் நடந்த ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், வேற்றுக் கிரகத்தார் பூமியின்மேல் படையெடுத்து வருவதாகக் காட்டும் சினிமாப் படங்களைப் பற்றியதாகும். நாட்டில் பேசவேண்டிய காரியம் எவ்வளவோ கிடக்க இந்தச் சினிமாச் சங்கதி எதற்கு என்று பெரியவர்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நமது பிள்ளைகள் இப்படங்களைச் செல்போனிலேயே பார்த்துவிட்டு, “பறக்கும் தட்டில் ஆள் வந்தது மெய்தானா?” என்று நம்மிடமே வந்து கேட்கின்றார்கள். கேட்கின்றவனுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

முதலில் இந்தச் சொற்பச் செலவுப் படங்கள் எப்படி உண்டாகின்றன என்று பாருங்கள். 1953ல் அமெரிக்காவில் “ரோபாட் மான்ஸ்டர்” என்றொரு படம் வந்தது. சந்திரனிலிருந்து இயந்திர மனிதன் ஒருவன் வந்து உலகத்தாரை அநேகமாகக் கொன்று தீர்த்துவிடுகிறான் என்பது கதை. அந்த இயந்திர மனிதனுக்கு உடுப்புச் செய்யப் படமெடுத்தவரிடம் பணமில்லை. ஆகவே, கொரில்லாக் குரங்கு உடுப்பைச் சொந்தத்தில் வைத்திருந்த நடிகர் ஒருவரைப் பிடித்து, அவர் தலையில் ஒரு கூண்டைக் கவிழ்த்து, இவர்தான் சந்திரலோகத்தார் என்று நிறுத்திவிட்டார்கள். எட் உட் என்பவர் எடுத்த “பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்” படத்திலோ, பறக்கும் தட்டு என்பது நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை. அதில் வரும் பெலா லுகோசி என்ற பேர்பெற்ற நடிகர் 1956ல் இறந்துபோனார். அதற்காகப் படத்தை நிறுத்தவில்லை. வேறொரு ஆள் அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு அவருக்குப் பதிலாக நடந்து முடித்தார்!

இவைகளைப் பார்த்து உலகமே சிரிக்கின்றது. சிரிக்கட்டும். ஆனால் பத்துத் தலையும், மலையைத் தூக்கிப் பறந்த குரங்கும் நம் எதிரில் வந்தபோது நாம் சிரித்தோமா என்று கேட்கின்றேன். சினிமாக்காரர் கதை என்று சொல்லிக் காசு வாங்குகின்றார். இரண்டு மணி நேரம் கழித்து விளக்கைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றார். அந்தக் கொரில்லாவுக்கு இதுவரை யாரும் மொட்டையடித்துக் கொண்டதாகத் தெரியவில்லை.

நிற்க, நமது தமிழ்ப் படத்துக்கு வருகின்றேன். 1963ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஏ.காசிலிங்கம் டைரக்‌ஷனில், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த “கலை அரசி” வெளிவந்தது. வேற்றுலகத்தார் பூமிக்கு வருவதை இந்திய சினிமாவில் முதன்முதலாகக் காட்டியவைகளில் இதுவும் ஒன்று. அந்த உலகத்தார் விஞ்ஞானத்தில் தேர்ந்தவர்கள். ஆனால் ஆடல் பாடல் அறியாதவர்கள். ஆகவே, அவ்வுலகத்தாராகிய நம்பியார், கப்பலேறி வந்து, நன்றாகப் பாடும் ஒரு பெண்ணைத் தங்கள் ஜனங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றார். கதாநாயகர் பின்தொடர்ந்து போய் மீட்டு வருகின்றார்.

இந்தப் படத்தை நான் மெச்சுகிறேன். ஏனென்றால், இதில் ஆகாயத்தில் போகின்றவன் மந்திரத்தால் போகவில்லை, இயந்திரத்தால் போகின்றான். அன்றியும், மேலுலகத்தான் என்பவன் சகலமும் அறிந்தவனல்ல. அவனுக்கும் ஒன்று தெரியாது, அது நம்மிடத்தில் இருக்கின்றது என்று சொல்லவும் துணிந்திருக்கின்றார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒரு விஷயத்தில் மாத்திரம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பெண்ணை “அம்மா, எங்கள் ஊருக்கு வந்து பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாயா, என்ன சம்பளம் வேண்டும்?” என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? புஷ்பக விமானம் போய் ராக்கெட்டு வந்ததே ஒழிய, உள்ளே தூக்கிப் போடப்பட்ட பெண் அதே பெண்தான். அமெரிக்கக்காரன் படத்திலும் அந்தக் கொரில்லா கடைசியில் ஒரு பெண்ணைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகின்றது. பெண் என்றால் ஒருவன் தூக்கவும் இன்னொருவன் மீட்கவும் உள்ள ஒரு வஸ்து என்கின்ற எண்ணம், சந்திரலோகம் போனாலும் விடமாட்டேன் என்கிறது!

ஆனால் வாஸ்தவத்தில் நடந்தது என்ன? “கலை அரசி” வந்த இரண்டாவது மாதம், 1963 ஜூன் 16ந் தேதி, ருஷியாவில் வாலன்டீனா தெரஷ்கோவா என்ற 26 வயதுப் பெண் தன்னந்தனியாக ஆகாயக் கப்பலேறிப் பூமியை 48 தடவை சுற்றிவிட்டு வந்தார். அவர் ராஜகுமாரத்தியல்ல, துணி மில்லில் வேலை செய்தவர், டிராக்டர் ஓட்டினவரின் மகள். அவரை யாரும் தூக்கிப் போகவுமில்லை. யாரும் போய் மீட்டு வரவுமில்லை. நமது புதுக்கோட்டை ஜில்லாவிலேயே 1991, 92ல் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்களே, அப்போது கேலி பேசினவர்கள் எத்தனை பேர்! அந்தப் பெண்களை வைத்து ஒரு ஆகாயப் படம் எடுத்தால் என்ன? செலவும் அதிகமாகாது.

இனி, கதையைக் கதை என்று சொல்லாமல் சரித்திரம் என்று விற்கின்றவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்விட்ஜர்லாந்தில் ஓட்டல் நிர்வாகியாயிருந்த எரிக் வான் டேனிகன் என்பவர் 1968ல் ஒரு புத்தகம் போட்டார். பழங்காலத்துப் பெரிய கட்டடங்களுக்கெல்லாம் ஆகாயத்திலிருந்து வந்தவர்களே காரணம் என்கிற மாதிரி அதில் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு இப்பொழுது நம் நாட்டுக் கோயில்களையும் வேற்றுக் கிரகத்தார்தான் கட்டினார்கள் என்று படம் பிடித்துப் பரப்புகின்றார்கள். முன்பு பூதம் ஒரே இராத்திரியில் கட்டிற்று என்றார்கள். பூதத்துக்கு இப்போது கண்ணாடிக் குல்லாய் போட்டிருக்கின்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்குப் பக்கத்திலிருக்கும் நார்த்தாமலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே விஜயாலய சோழீஸ்வரம் என்கிற கற்கோயில் இருக்கின்றது. அதைச் சாத்தன் பூதி என்பவர் எடுப்பித்தார் என்றும், மழையால் இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கின்றது. கோடானு கோடி மைல் கடந்து வந்தவன் கட்டிய கட்டடம் நார்த்தாமலை மழைக்குத் தாங்கவில்லையா? அப்பேர்ப்பட்ட என்ஜினீயர் நமக்கு எதற்கு?

வேடிக்கையை விட்டுச் சொல்லுகிறேன். அந்தக் கல்லிலும் எடுப்பித்த தலைவர் பேர் இருக்கின்றது. புதுப்பித்த தலைவர் பேர் இருக்கின்றது. வெய்யிலில் பாறைமேல் உட்கார்ந்து வரிசையாகக் குழியடித்து, ஆப்பு இறுக்கி, கல்லைப் பிளந்து இழுத்தவன் பேர் இல்லை. கூலிக்காரன் பேரை அன்றைக்குப் பெரிய மனிதன் எடுத்துக்கொண்டான். மிச்சமிருந்தது, யாரோ ஒரு மனிதன் செய்தான் என்கிற ஒரு பெருமைதான். அதையும் இப்போது செவ்வாய்க் கிரகத்தானுக்குத் தானம் செய்யச் சொல்லுகிறார்கள். இதற்கு நாம் சம்மதிப்பதா?

தோழர்களே! இந்தப் பக்கத்துக் குவாரிகளில் கல்லுடைக்கும் தோழர்கள் சிலர் இக்கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றார்கள். ஒரு பாறையைக் கோணாமல் பிளப்பதற்கு ஆப்பை எங்கே வைக்கவேண்டும், எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் மேடைக்கு வந்து அதைச் சொல்லும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.