எழுபதில் ஒரு முதல் பாடம்
(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கொரியன் சீரியலைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?" என்று சிலர் யோசிப்பது புரிகிறது. ஆறு மாதம் முன்பு வரை எனக்கு ஒன்றும் தெரியாது. பேத்தி பார்த்தால், "இருபது வயசுப் பசங்க காதலிக்கிற கதைதானே" என்று கிண்டல் செய்வேன். ஒரு நாள் அவள், "தாத்தா, இதுல ஹீரோ உங்களைவிடப் பெரியவர்" என்று சொல்லி ஒரு தொடரைப் போட்டுக் கொடுத்தாள்.

அதன் பெயர் 'நாவில்லேரா'. வண்ணத்துப்பூச்சியைப் போல என்று அர்த்தமாம். 2021இல் வந்தது. மொத்தமே 12 பகுதிகள். அங்கே பல தொடர்கள் 12 அல்லது 16 பகுதிகளில் முடிந்துவிடுகின்றன. நம் ஊர் போல வருடக்கணக்கில் இழுப்பதில்லை. தினமும் கேஷ் டேலி ஆன பிறகே வீட்டுக்குக் கிளம்பிப் பழகிய எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

கதாநாயகர் டோக்-சுல், ஓய்வு பெற்ற தபால்காரர். வயது 70. சிறுவனாக இருந்தபோது பாலே நடனம் கற்க ஆசைப்பட்டார், அப்பா விடவில்லை. பிறகு வேலை, கல்யாணம், மூன்று பிள்ளைகள். எல்லாக் கடமையும் முடிந்த பிறகு, 23 வயதுப் பையன் ஒருவனிடம் போய், "எனக்குக் கற்றுக்கொடு" என்று நிற்கிறார். வீட்டில் மனைவியும் மூத்த மகனும் கொதிக்கிறார்கள். ஆனால் அவர் அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவருக்கு அல்சைமர் என்னும் மறதி நோய். அதை வீட்டில் சொல்லாமல் ஒரு சிறு நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வைக்கிறார். முடிவை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே பாருங்கள்.

அந்த வேடத்தில் நடித்த பார்க் இன்-ஹ்வான் 1945இல் பிறந்தவர். இதற்காக பாலே பழகினார். மனைவியாக வருபவர் நா முன்-ஹீ, 1941இல் பிறந்தவர். இவர் 2017இல் 'ஐ கேன் ஸ்பீக்' என்ற படத்தில், வட்டார அலுவலகத்துக்கு ஓயாமல் புகார் கொடுக்கும் பாட்டியாக நடித்தார். (நம் சங்கத் தலைவர் சிரிக்கிறார்!) அந்தப் பாட்டி ஆங்கிலம் கற்பது ஏன் தெரியுமா? போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் தனக்குச் செய்த கொடுமையை அமெரிக்க நாடாளுமன்றத்தில் தன் வாயாலேயே சொல்வதற்கு. அந்த நடிப்புக்கு அங்கே ப்ளூ டிராகன் விருது கிடைத்தது. இன்னொரு நடிகை கிம் ஹே-ஜா, 77 வயதில், 2019இல் பேக்சாங் விழாவின் தலையாய விருதை ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகப் பெற்றார்.

இவர்கள் யாரும் ஈஸிசேரில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்யும் தாத்தா பாட்டி வேடம் மட்டும் போடுபவர்கள் அல்ல. கதையையே தோளில் சுமக்கிறார்கள்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். நம்மில் ஓர் அம்மா 71 வயதில் வயலின் கற்க ஆரம்பித்தார். ஆரம்பத்தில் வயலின் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "யார் வீட்டுப் பூனை அழுகிறது?" என்று போட்டார். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். அதில் ஒன்று நான் போட்டது. அடுத்த வாரத்திலிருந்து சத்தம் நின்றுவிட்டது. புகார் தீர்ந்தது என்றுதான் அன்று நினைத்தேன்.

டோக்-சுல் மெலிந்த கால்களோடு கண்ணாடி முன் நின்று தடுமாறும் காட்சியைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தப் பொம்மை ஞாபகம் வந்தது. மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், எனக்கே நாராசமாகத்தான் இருந்தது" என்றார். வயலின் பெட்டி அலமாரி மேலே தூசியோடு இருந்தது. அவர் அனுமதி பெற்றே இதை இங்கே சொல்கிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. மாலை நான்கு முதல் ஐந்து வரை நம் சங்க அறை காலியாகத்தான் இருக்கிறது. வயலினோ, ஆங்கிலமோ, கம்ப்யூட்டரோ, கற்க நினைக்கும் மூத்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குவோம். சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன். பள்ளியில் விட்டுப்போன ஹிந்தியைப் பிடிக்கலாம் என்று இருக்கிறேன். சிரிப்பவர்கள் நேரில் வந்து சிரிக்கலாம்.