கரையோரக் கடலின் ஊசலாட்டம்



தாம்பரம் இரயில் நிலையத்தில் நிற்கும் சரக்கு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் ஒரு முனையில் இடித்ததும், அவ்வதிர்ச்சி பெட்டி பெட்டியாகத் தாவி மறுமுனை வரை ஓடுகிறது. ஒவ்வொரு பெட்டியும் சற்றே அசைந்து நின்றுவிடுகிறது. தொலைதூரம் ஓடியது அதிர்ச்சி மட்டுமே. நம் கடலிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

கோவளத்திலிருந்து கிழக்கே சென்றால் கடலின் அடித்தளம் முதலில் மெல்லச் சரிந்து, ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்திற்குப் பின் விரைந்து இறங்குகிறது. இதுவே கண்டத்திட்டின் விளிம்பு. இதனை ஒட்டிச் செல்லும் பெரிய நீரோட்டம், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கேயும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கேயும் பாய்வது வழக்கம். 2009ஆம் ஆண்டு முதல் கடலூர், விசாகப்பட்டினம் முதலிய இடங்களுக்கு அப்பால் விளிம்புச் சரிவில் ஒலிக்கருவிகளை நிறுத்தி இவ்வோட்டத்தை அளந்தனர். பருவ மாற்றத்தோடு, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வலுத்தும் தளர்ந்தும் அது ஊசலாடுவது தெரிந்தது. நம் கரையில் காற்று மாறாதிருக்கும்போதும் ஓட்டம் மாறக்கூடும். அப்படியாயின், இடித்த எஞ்சின் எங்கே?

விடையின் ஒரு பகுதி நிலநடுக்கோட்டில் இருக்கிறது. அங்கே காற்று வலுத்துத் தளரும்போது, மேலுள்ள வெதுவெதுப்பான நீருக்கும் கீழுள்ள குளிர்நீருக்கும் இடைப்பட்ட எல்லை ஏறி இறங்குகிறது. இது கெல்வின் அலையாகக் கிழக்கே ஓடிச் சுமத்ராவை முட்டுகிறது. அதன் ஒரு கிளை வடக்கே திரும்பி, மியன்மா, வங்காளதேசம், ஒடிசா, ஆந்திரக் கரைகளைச் சுற்றி நம்மிடம் வருகிறது. பூமியின் சுழற்சி நீரை வலப்புறம் திருப்ப முயல, வலப்புறத்துக் கரை சுவராக நின்று தடுக்கிறது. ஆதலின் அலை கரையை விட்டு விலகுவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்றாலும், வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். எதிர்க்கரைக் காற்றும், நடுக்கடற் காற்றும், உள்ளூர்க் காற்றும் வழியில் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன.

இதை அறிவதால் என்ன பயன்? 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெய், தெற்கே மெரினாவையும் திருவான்மியூரையும் வந்தடைந்தது. இத்தகைய வேளையில், நீர் எத்திசையில் ஓடும் என்பதை முன்கூட்டி அறிந்தால் மீனவர் வலையும் கரையும் காக்கப்படும். 1993இல் தொடங்கப்பெற்று, பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், நடுக்கடலில் மிதவைகளை நிறுத்தி அளவுகளைத் திரட்டுவதும் இதன் பொருட்டே.

நம் கரையின் நாளைய ஓட்டத்தை அறிய விரும்புவோர், நம் கரையை மட்டும் பார்த்தல் போதாது. சுமத்ராவையும் பார்த்தல் வேண்டும்.