கோபுரச் சுதையும் திருப்பணியின் பொறுமையும்



திருக்கோயிலின் கருவறை இறைவனின் அருள் நிறைந்து விளங்கும் இடம். கோபுரமோ அவ்வருளை ஊருக்கு அறிவிக்கும் கொடி. கருவறையைக் காண வாயில் கடந்து உள்ளே வரவேண்டும். கோபுரத்தைக் காண அண்ணாந்து நோக்கினால் போதும். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனும், காசிமேட்டில் வலை இழுப்பவனும், ஆலைச் சங்கு கேட்டு விடியலில் விரைபவனும் நடந்தபடியே கைகூப்புவது கோபுரத்தை நோக்கித்தான். 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறுமுன் எத்தனையோ அடியார்களுக்குக் கோபுரத்துச் சுதையுருவமே மூலவராக நின்றது. ஆகவே, புறச்சுவரின் பூச்சுவேலையை வெறும் கட்டட வேலை என எண்ணுதல் தகாது. உள்ளே வர இயலாதவருக்கும் இறைவன் காட்சி தரும் வழி அது.

‘சுதா’ என்னும் வடசொல்லுக்கு அமுதம் என்றும் பொருள் உண்டு. சுண்ணச் சாந்து என்றும் பொருள் உண்டு. இக்கலையின் பழமைக்கு மண்டகப்பட்டுக் குகைக்கோயிலே சான்று. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி அதனை அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் கல்வெட்டில் பொறித்தான். அவை இன்றிக் கட்டியது புதுமை என்றால், அதற்கு முன்னைய கோயில்கள் அவற்றால் ஆனவை என்பது தெளிவு. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் மணற்கல் மீதும் சுதைப்பூச்சு உண்டு. திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனியே சுதையால் ஆனது. அதனாலன்றோ அங்கு நீராட்டு மூலவர்க்கு இன்றித் தைலக்காப்பு நிகழ்கிறது!

இக்கலைக்கு வடசென்னை அயலூர் அன்று. மூலக்கொத்தளம் என்னும் பெயரிலேயே கோட்டைச் சுவர் ஒன்று மறைந்து நிற்கிறது. கொத்தளம் என்பது மதிலின் காவல் அரண். 1758-59-இல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்ட பின்னர், நாளை ஜார்ஜ் டவுன் ஆகவிருந்த கறுப்பர் நகரத்தைச் சூழ மதில் எழுந்தது. அம்மதிலுக்கு வரி தண்ட எண்ணியதன் நினைவு வால்டாக்ஸ் சாலையின் பெயரில் உள்ளது. மதிலின் எஞ்சிய பகுதி ராயபுரத்து மாடிப்பூங்காவில் உள்ளது. வடக்கே எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காட்டு ஏரியும் கிளிஞ்சலுக்குப் பெயர்பெற்றவை. 1806-இல் தொடங்கிய காக்ரேன் கால்வாய், பின்னர் பக்கிங்காம் கால்வாயாக வளர்ந்து, அவ்வூர்ப் பொருள்களைப் படகுகளில் நகருக்குக் கொணர்ந்தது.

கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பால் ஆன ‘மெட்ராஸ் சுண்ணம்’ கடல் கடந்தும் புகழ் பெற்றது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக் என்பவர் சென்னைச் சாந்தின் செய்முறையை எழுத, இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1732-இல் அதனை வெளியிட்டது. வெல்லநீர், கடுக்காய், தயிர், நெய், முட்டை வெண்கரு ஆகியவை அதில் இடம்பெற்றன. மெருகேற்றிய சுவரைக் கண்ட ஐரோப்பியர் சலவைக்கல் என்றே மயங்கினர். அயலார் வியந்து எழுதிவைத்த கைத்திறன் இம்மண்ணின் கொத்தர்களுடையது.

அதன் இயல்பு யாது? கிளிஞ்சலைக் காளவாயில் அடுக்கிச் செந்தழலில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்ற, அது கொதித்துப் பொடிந்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சலித்துத் தொட்டியில் பல நாள் ஊறவைத்து, உப்பற்ற ஆற்றுமணல் கூட்டி, வட்டப் பள்ளத்தில் கல்லுருளை ஓட்டி வெண்ணெய்போல் அரைப்பர். சுவரில் ஏறியபின் அச்சாந்து இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. கல்லாகப் பிறந்து, தீயில் வெந்து, நீரில் நீறி, காற்றால் மறுபடி கல்லாகும் இம்மாற்றம் அவசரத்துக்கு இணங்குவதில்லை. கடுக்காய் நீரும் பனைவெல்ல நீரும் சாந்தைக் குழைவாக்கி, இறுகும்போது வெடிப்பைக் குறைக்கின்றன.

பூசும் முறையும் கட்டுப்பாடு உடையது. முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். பொள்ளல் ஓசை எழும் இடத்தில் பழைய காரை பிடிப்பு விட்டது எனக் கொண்டு அதனை நீக்குவர். ஒலி திண்ணென்று இருக்கும் இடத்தைத் தொடார். செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, தூசி போக்கி, சுவர் நீரை வேண்டிய மட்டும் குடிக்கும்படி நனைப்பர். தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் செங்குத்தும், மட்டப்பலகை வைத்துச் சமமும் காண்பர். முதற் பூச்சு பருமணல் சேர்ந்தது. கரண்டியால் வீசி அறைந்து, அடுத்த பூச்சு பற்றும்படி சொரசொரப்பாக விடப்படும். இரண்டாவது அதனினும் நுண்ணிது. மணியாசுக்கட்டையால் தேய்த்துச் சமப்படுத்தப்படும். மூன்றாவது வடிகட்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பின் மெல்லிய போர்வை; வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்க ஒளி பெறும். ஒவ்வொரு பூச்சும் இறுகியபின்னரே அடுத்தது. வெயில் நேரே சுடாதவாறு கீற்றும் ஈரச் சாக்கும் கட்டிக் காப்பர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை.

உருவம் சமைக்கும்போது ஸ்தபதி செங்கல்லை வெட்டி உள்ளுடல் அமைத்து, தாள அளவுப்படி சாந்தை ஏற்றுகிறார். பெருங்கரண்டி ஓயும் இடத்தில் சிறுகரண்டியும் மூங்கில் சிம்பும் தொழிலைத் தொடர்கின்றன. நீட்டிய கரத்துக்கு உள்ளே கம்பி வேண்டும். இரும்பெனில், உப்புக்காற்று பட்டுத் துருவேறி, பருத்து, சுதையைப் பிளந்துவிடும். ஆதலின் கடலோர ஊர்களில் செப்புக் கம்பி நன்று. திருமுடியின் உச்சி முதல் பீடத்தின் விளிம்பு வரை மழைநீர் தேங்காது வழியும்படி சரிவு வைப்பது தேர்ந்த கையின் அடையாளம்.

இனிச் சிமெண்டைப் பற்றி ஒரு சொல். இந்தியாவில் போர்ட்லண்டு சிமெண்டு செய்யும் முதல் முயற்சிகளுள் ஒன்று 1904-இல் இச்சென்னை நகரிலேயே, கடற்கிளிஞ்சலைக் கொண்டே நடந்து, நிலைபெறாது போயிற்று. சிமெண்டு பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் உற்ற துணை. அதனைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆயினும், பழைய செங்கல்லும் சுண்ணக்காரையும் கூடிய சுவர் மூச்சுவிடும் சுவர். உட்புகுந்த ஈரத்தை அது வெளியே ஆவியாக்கிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, எண்ணெய் வண்ணமும் தீட்டினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். கடற்காற்று கொணர்ந்த உப்பு பூச்சின் பின்னே பளிங்காக விளைந்து பூச்சைத் தள்ளும். புறத்தே பளபளக்கும் சுவர் அகத்தே உதிரும். சில மழைக்காலம் கழித்துப் பூச்சு பாளமாக விழும்போது, முன்னோர் அமைத்த செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். அழிந்த முகத்தை எந்த நன்கொடையாலும் மீட்க இயலாது.

சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் நாள் திருக்கோயில்களின் பாதுகாப்புக்கென 75 நெறிகளை வகுத்தது. எனினும், ஒவ்வொரு திருப்பணியிலும் நீதிமன்றம் வந்து சாரத்தின்மேல் நிற்க முடியாது. அங்கே முடிவு செய்பவர் பொருள் தரும் அன்பரும் கையால் உழைக்கும் கொத்தருமே. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டு வேலையைத் துரத்துவது பொதுவான வழக்கம். நாள் நெருங்க நெருங்க, ஊறவேண்டிய சுண்ணாம்பு ஊறுவதில்லை. உலரவேண்டிய பூச்சு உலர்வதில்லை. குறைகளை மறைக்க வண்ணம் வருகிறது. இது ஸ்தபதியின் குற்றம் அன்று. அவருக்குக் காலம் கொடாதவர் குற்றம்.

ஆகவே, செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பொருள் ஈயும் செல்வர், காலத்தையும் ஈதல் வேண்டும். சுண்ணாம்பு ஊறும் நாள்களுக்கும் கொத்தருக்குக் கூலி அளித்தல் அறமாகும். மாமல்லபுரத்தில் 1957-இல் தோன்றிய அரசினர் கல்லூரியில் சுதைச்சிற்பம் பயிலும் இளைஞர்க்குத் திருப்பணியில் இடம் தருதல் கலையைக் காப்பதாகும். குடமுழுக்கு முடிந்தபின் பன்னீராண்டு கோபுரத்தை மறந்திருத்தலும் ஆகாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் விரிசலில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைந்து, நீர்த்தாரைகளைத் தூய்மை செய்தால், சிறு செலவு பெருஞ்சேதத்தைத் தடுக்கும்.

கொடையாளர் பெயரைக் கல்வெட்டு தாங்கும். கொத்தர் பெயரைத் தாங்குவது பெரும்பாலும் எதுவும் இல்லை. ஆனால் அவர் விரல் தடவிய சாந்தில்தான் அபயகரம் உயர்ந்து நிற்கிறது. அக்கரம் இன்னும் பல தலைமுறைக்கு உயர்ந்தே நிற்க, பொருளோடு பொறுமையும் சேர்ந்த திருப்பணி எங்கும் ஓங்குக! திருவருள் துணை நிற்க!