பனிச்சறுக்குப் பலகையும் உயரக்கட்டையும்



பனி பெய்யாத பெங்களூரு மாநகரில் பனிச்சறுக்கைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். தென்னாட்டாருக்கு அக்கலை எட்டாததன்று என்பதைக் காவிரி பிறக்கும் குடகு நாட்டின் பவானி தெக்கட நஞ்சுண்டா மெய்ப்பித்துவிட்டார். 2025 செப்டம்பரில் சிலி நாட்டில் நிகழ்ந்த 5 கிலோமீட்டர் நெடுவழிச் சறுக்குப் போட்டியில் அவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். பிழைப்பின் பொருட்டு இந்நகரில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் குல்மார்க், ஔலி முதலிய இடங்களுக்குச் சென்று இதனைப் பயில விரும்பலாம். அவர்கள் அறியவேண்டிய ஒரு சிறு பொருளைப் பற்றியே இன்று சொல்ல விழைகிறேன்.

நெடுவழிச் சறுக்கில் காலணியின் முன்முனை மட்டுமே பலகையோடு பிணைக்கப்படும். குதிகால் தடையின்றி எழும். நார்வே நாட்டில் டெலிமார்க் என்னும் வட்டாரத்தின் பெயரால் வழங்கும் முறையிலும் அவ்வாறே. அங்குப் பிறந்த சோன்ட்ரே நோர்ஹெய்ம் (1825–1897) இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர். ஒரு காலை முன்வைத்து, மற்றக் காலின் முழங்காலை மடக்கித் திரும்புவதே அதன் அழகு. 1927-இல் அந்நாட்டில் தோன்றிய ஒரு பிணைப்புக் கருவிக்கு ‘ரோட்டெஃபெல்லா’ என்று பெயர். எலிப்பொறி என்பது அதன் பொருள். இத்தகைய பழைய முறைப் பிணைப்பில் காலணியின் முன்முனை 75 மில்லிமீட்டர் அகலமுடையது.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. பலகையின் அகலம் 50 மில்லிமீட்டர் என்று கொள்வோம். காலணி இருபுறமும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் வெளியே நீண்டு நிற்கும். சரிவில் திரும்பும்போது பலகையைச் சாய்த்து, அதன் விளிம்பைப் பனியில் பதிக்க வேண்டும். விளிம்பு ஆழப் பதிந்தால் நீண்டு நிற்கும் காலணி பனியை உரசும். அப்போது பலகையின் பிடி தளரும்; சறுக்குபவர் வீழ்வார்.

இதற்கு மருந்தாகப் பிணைப்புக் கருவியின் கீழே கெட்டியான ஒரு கட்டையை வைத்து, காலைச் சற்று உயர்த்துகிறார்கள். இதனை உயரக்கட்டை எனலாம். மலையேறும்போது குதிகாலின் கீழ் மட்டும் நிமிர்த்தி வைக்கும் தாங்கி வேறு. அது கெண்டைக்காலின் நோவைக் குறைப்பதற்காக அமைந்தது. அதனை இதனோடு மயக்கிக்கொள்ளலாகாது.

உயரம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று பலர் நினைக்கின்றனர். அகலமான பலகைக்கு அது ஓரளவு பொருந்தும். அதனைச் சாய்த்தால் நம் உடற்பாரம் விளிம்புக்கு உள்ளே வெகுதூரம் விழுந்து, பலகையை மீண்டும் தட்டையாக்கப் பார்க்கும். உயரக்கட்டை அப்பாரத்தை விளிம்பின் பக்கம் நகர்த்தும். குறுகிய பலகையிலோ பாரம் முன்பே விளிம்பை அடுத்து நிற்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: சமதளத்தில் 50 மில்லிமீட்டர் அகலப் பலகையை 30 பாகை சாய்த்தால், பனியிலிருந்து காலணியின் அடி வரை பலகைக்குச் செங்குத்தான உயரம் 43 மில்லிமீட்டரை எட்டியதும் பாரம் விளிம்பின் மேலேயே விழுகிறது. அதற்கு மேல் உயர்ந்தால் பலகை தானே மேலும் கவிழப் பார்க்கும். கணுக்கால் அதனை இழுத்துப் பிடித்து ஓய்ந்துபோகும். 100 மில்லிமீட்டர் பலகைக்கோ அவ்வெல்லை ஏறத்தாழ 87 மில்லிமீட்டர்!

தஞ்சைத் தரணியில் பொய்க்கால் குதிரை ஆடுவோரைக் கண்டிருப்பீர்கள். கட்டைக்கால் அவர்க்கு உயரத்தைத் தருகிறது. ஆனால் மண்ணின் மேடுபள்ளத்தை உள்ளங்கால் உணரும் உணர்ச்சியை எடுத்துக்கொள்கிறது. நெடுநாள் பயிற்சியே அவ்விழப்பை ஈடுசெய்கிறது. பனிக்கும் இதுவே நியாயம்.

ஆதலின், பதப்படுத்திய சமவழித் தடத்தில் உந்திச் செல்வோர்க்கு இக்கட்டை பெரும்பாலும் வேண்டாத சுமை. செங்குத்தான சரிவில் திரும்ப விரும்புவோர் காலணி உரசாத அளவுக்கு மட்டும் உயர்த்திக்கொண்டால் போதும். முன்காலையும் குதிகாலையும் ஒத்த அளவில் உயர்த்துக. குதிகால் மட்டும் உயர்ந்தால் உடல் முன்னே சரியும். கட்டையின் கனத்துக்கேற்ப நீண்ட திருகாணி தேவை. அது நீளம் மிகுந்தால் பலகையின் அடிப்புறத்தைத் துளைக்கும். குறைந்தால் ஓடும்போது பிடுங்கிக்கொள்ளும். பழைய முறைப் பிணைப்புகள் பெரும்பாலும் வீழ்ச்சியில் தாமாக விடுபடமாட்டா என்பதையும் மறவாதீர். நெம்புகோல் நீள நீள, அதன் முறுக்கைத் தாங்க வேண்டியது நம் முழங்கால் அன்றோ?

வாடகைப் பலகையில் இவ்வேலையைத் தாமே செய்ய முனையாது, பயிற்றுநரைக் கேட்டுச் செய்வதே முறை. ஊரை விட்டு வந்தோர்க்குப் புதிய நிலத்தின் இயல்பறிந்து காலூன்றுவது புதிய பாடமன்று. பனியிலும் நாம் முதலில் வேண்டுவது உயரமன்று, உறுதியான அடியே.