நாகையை அடித்த அலைதான் கடாரத்தையும் அடித்தது



மீன் சந்தை என்றதும் என்ன நினைவுக்கு வரும்? கூச்சல்தானே! மலேசியாவில், கெடா மாநிலத்தில், கூச்சலே இல்லாத ஒரு மீன் சந்தை இருக்கிறது. மூடா ஆறு கடலில் கலக்கும் கோத்தா கோல மூடாவில்தான் அது. பெயர் 'பாசார் பீசிக்'. மலாய் மொழியில் கிசுகிசுச் சந்தை என்று பொருள். படகு வந்ததும் வியாபாரிகள் ஒவ்வொருவராக விற்பவரின் காதில் விலை சொல்வார்கள். அதிகம் சொன்னவருக்கு மீன். அடுத்தவர் சொன்ன விலை பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

கொஞ்சம் வடக்கே போனால் மெர்போக் ஆற்று முகத்துவாரம். அங்கே தஞ்சோங் டாவாய். நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெலாச்சானுக்கும் பெயர் பெற்ற ஊர். கரையில் வலை இழுப்பவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். உள்ளே சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கம் ரப்பர் பால் எடுக்க வந்தவர்கள் தமிழர்கள். மீனும் கருவாடும்தான் இரு பக்கத்து அடுப்பங்கரைக்கும் உறவு!

இவர்களுக்குப் பின்னால் நிற்கிறது 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை. கடலில் வெகுதூரம் வருபவனுக்கும் அதுதான் அடையாளம். அந்த மலையைப் பார்த்துத்தான் பழைய மரக்கலங்கள் பூஜாங் பள்ளத்தாக்குக்கு வந்தன. தமிழன் அதைக் கடாரம் என்றான். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைத் தந்தான். மகன் ராஜேந்திரனோ 1025-ல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான். நட்பும் சண்டையும் ஒரே கடல் வழியில்!

அதே கடலில் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியபோது மலேசியாவில் மணி காலை 8.58. நாகப்பட்டினத்தை அலை அடித்தது இந்திய நேரம் காலை 9 மணி சுமாருக்கு. அப்போது மலேசியாவில் 11.30. கோல மூடாவை அலை அடித்ததோ மதியம் 1 மணியளவில்! சுமத்ரா குறுக்கே நின்றது. மலாக்கா நீரிணையின் ஆழமும் குறைவு. அதனால் அலை சுற்றி, மெதுவாக வந்தது.

யோசித்துப் பாருங்கள். நாகையில் பிணங்கள் ஒதுங்கிய பிறகும் கெடா கரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஒரு குரல் போதும். அந்தக் குரல்தான் வரவில்லை. மலேசியாவில் 68 பேர் போனார்கள். பெரும்பாலோர் பினாங்கிலும் கெடாவிலும். உடைந்த படகுகளை அடுக்கி, கோத்தா கோல மூடாவில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள்.

2005-ல் மலேசியா முன்னெச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. கரையோரங்களில் மரம் நடவும் இறங்கியது. என்ன மரம்? அலையாத்தி! அலையின் வேகத்தை ஆற்றுகிற மரம். பெயரிலேயே வேலையைச் சொல்லி வைத்தான் தமிழன். பிச்சாவரத்தில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு. மெர்போக் ஆற்றோரம் இன்றும் அந்தக் காடு நிற்கிறது. அதை வெட்டி இறால் பண்ணை போட்டால் லாபம் சிலருக்கு. அலை வந்தால் நஷ்டம் கரையில் இருக்கும் அத்தனை பேருக்கும்!

சைரன் பழுதாகலாம். கடல் திடீரென்று உள்வாங்கினால், மீன் பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற அறிவு பழுதாகாது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கரையில் இருக்கும் பிள்ளைக்கு மட்டுமல்ல, விடுமுறை நாளில் பஸ் ஏறிக் கடல் பார்க்க வரும் தோட்டத்துப் பிள்ளைக்கும்.

மீன் விலையைக் காதோடு காதாகச் சொல்லலாம். ஆபத்தை ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும்!