தபால் பையும் முகவரித் தொகுதியும்



ஊவா மலைநாட்டுத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு முகவரியின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நெடுங்காலம் தோட்டத்தின் பெயரே அங்குள்ள லயங்கள் அனைத்துக்கும் பொது முகவரியாய் இருந்தது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்தே லயங்களுக்குப் போகும். ஒரே பெயருடையோர் இருவர் இருப்பின், கடிதம் உரியவர் கையில் சேர்வது பிரித்துக் கொடுப்பவரின் நினைவாற்றலைப் பொறுத்ததே. உத்தியோகத்துக்கு அழைக்கும் கடிதம் கைமாறிப் போனால் அந்த இழப்பு சிறிதன்று.

இத்தகைய இடர் கணினி உலகிலும் உண்டு. பதுளையிலுள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகம் போன்றதோர் உயர்கல்விக்கூடத்தை உதாரணமாகக் கொள்வோம். மொனராகலையில் வீட்டிலிருக்கும் மாணவிக்கு அதன் நூலகம் வேண்டும். பரீட்சைப் பகுதி எழுதுவினைஞருக்குப் புள்ளிப் பதிவேடு வேண்டும். கொழும்பிலிருந்து பழுது பார்க்கும் பொறியியலாளருக்கு ஒரேயொரு இயந்திரம் வேண்டும். மூவரும் வி.பி.என். எனப்படும் மறைவழியாகவே உள்ளே வருகின்றனர். வாயிலில் நிற்கும் கருவி, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு, ஆளுக்கோர் உள் முகவரி வழங்குகிறது.

எல்லோருக்கும் ஒரே தொகுதியிலிருந்து முகவரி வழங்கினால் என்ன நேரும்? இன்று எழுதுவினைஞர் பெற்ற எண் நாளை மாணவியிடம் போகலாம். உள்ளே காவல் புரியும் தீச்சுவரோ பெரும்பாலும் எண்ணைத்தான் பார்க்கும்; முகத்தைப் பாராது. ஆகவே எழுதுவினைஞருக்கென்று திறந்த கதவு மற்றவர்க்கும் திறந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. மாணவர்க்கு 10.20.1 என்று தொடங்கும் முகவரிகள். பரீட்சைப் பகுதியினர்க்கு 10.20.2, பொறியியலாளர்க்கு 10.20.3 என்று தொகுதிகளை வகுத்துவிடலாம். புள்ளிப் பதிவேட்டுக்கு இரண்டாம் தொகுதி மட்டுமே செல்லலாம் என ஒரே விதி எழுதினால் போதும். புதிய எழுதுவினைஞர் வந்தால் விதியை மாற்ற வேண்டுவதில்லை. அவர் பெயரை அக்குழுவிற் சேர்த்தாலே போதும்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். இவ்வாறு வகுத்த ஒரு தொகுதியில் வழங்கத்தக்க முகவரிகள் 254. ஒரே வேளையில் 300 மாணவர் வந்தால் 255ஆவது ஆள் வாயிலிலேயே நிற்பார். ஆதலின் மாணவர்க்குப் பெரிய தொகுதி வேண்டும். மற்றொன்று: வீட்டுக் கருவிகள் பலவும் 192.168.1 என்னும் எண்களையே வழங்குகின்றன. கல்விக்கூடமும் அவற்றையே எடுத்துக்கொண்டால், மாணவியின் வேண்டுகோள் வீட்டைவிட்டு வெளியேறாமலே வழி தவறும். 1996ஆம் ஆண்டில் வகுத்த ஏற்பாட்டின்படி, 10 என்று தொடங்கும் பெருந்தொகுதி முழுவதும் தனியார் வலையமைப்புகளின் உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அதிலிருந்து எடுத்துக்கொள்வது நன்று.

நேயர்களே! முகவரி ஆளன்று; ஆள் இன்னாரென்று தெரிந்த பின்னர் இடும் அடையாளமே அது. எழுதுவினைஞர் வேறு பகுதிக்கு மாறிய அன்றே அவர் பெயரைக் குழுவிலிருந்து நீக்காவிட்டால், எத்தனை தொகுதி வகுத்தும் பயனில்லை. தபால் பையை ஒழுங்காகப் பிரிப்பவர் லயத்தில் யார் குடியிருக்கிறார், யார் குடிபெயர்ந்தார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?