மிரர்லெஸ்ஸா, சட்டைப்பை கேமராவா?

கேமரா வாங்கப் போனால் மெகாபிக்சல் கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். அதை விடுங்கள், உள்ளே ஒளியைப் பிடிக்கும் சென்சார் எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். சட்டைப்பையில் அடங்கும் சாதாரண கேமராவில் அது சுமார் 6 மில்லிமீட்டர் அகலம்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஏபிஎஸ்-சி என்னும் அளவுச் சென்சார் கொண்ட, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சுமார் 23 மில்லிமீட்டர். பரப்பில் ஏறத்தாழ 12 மடங்கு. மங்கலான மண்டப வெளிச்சத்திலும் முகம் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் தெளிவாக விழுவது அதனால்தான். லென்ஸையும் மாற்றிக்கொள்ளலாம். அதற்குத் தனிக் காசு என்பதைக் கடைக்காரர் கடைசியில்தான் சொல்வார்! 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போல, 13 மில்லிமீட்டர் அகலச் சென்சார் கொண்ட குட்டிக் கேமராக்களும் உண்டு. ஊர் சுற்ற அதுவே போதும். கல்யாணம், விளையாட்டு என்று எடுப்பவர்கள் மிரர்லெஸ் வாங்குங்கள்.